எஸ்சிடலோபிராம் 10 மி.கி.: மருந்து செய்யும் வேலை எவ்வளவு, பிளசிபோ செய்யும் வேலை எவ்வளவு?

மனச்சோர்வுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் சீட்டுகளில் அடிக்கடி தென்படும் பெயர் எஸ்சிடலோபிராம். மெடிக்கலில் சீட்டை நீட்டினால் பத்து மாத்திரை கொண்ட ஒரு அட்டை கைக்கு வரும். அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில், எஸ்சிடலோபிராம் ஆக்ஸலேட், 10 மி.கி. எஸ்சிடலோபிராமுக்குச் சமம் என்று போட்டிருக்கும். உப்பாக நிறுத்தால் அது 12.77 மி.கி.; அதில் உடம்பில் வேலை செய்வது 10 மி.கி. மாத்திரையின் மீதி எடையெல்லாம் செல்லுலோஸ், டால்க் போன்ற நிரப்புப் பொருள்தான்.

மருந்து ஆய்வுகளில் பாதிப் பேருக்குக் கொடுக்கும் வெற்று மாத்திரையில் இந்த நிரப்புப் பொருள் மட்டுமே இருக்கும். அளவும் நிறமும் அட்டையும் ஒன்றுபோலவே இருக்கும். அதைத்தான் பிளசிபோ என்கிறோம். காசு கொடுத்து வாங்கும் மாத்திரையை மதிப்பிட வேண்டுமானால், அந்த வெற்று மாத்திரையைவிட இது கூடுதலாக என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வு விஷயத்தில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. அவற்றைப் பாதி கேட்டவர்கள்தான் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள், அல்லது அதையே முழுக்க நம்பி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கணக்கு.

மனச்சோர்வு மாத்திரைகளை அளக்கும் பழைய தராசு ஹாமில்டன் அளவுகோல். 1960-ல் மேக்ஸ் ஹாமில்டன் வெளியிட்டது. 17 கேள்விகள், மொத்தம் 52 மதிப்பெண்; எண் ஏற ஏற நோய் கடுமை. 2008-ல் இர்விங் கிர்ஷும் அவருடைய குழுவினரும், அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் கம்பெனிகள் தாக்கல் செய்திருந்த 35 ஆய்வுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின், நெஃபாஸோடோன் என்று நான்கு மருந்துகள். மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 9.6 மதிப்பெண் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.8. வித்தியாசம் 1.8 மட்டுமே. மருந்தால் கிடைத்ததாகத் தோன்றிய முன்னேற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிடைத்திருந்தது.

அந்தக் கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது. ஆனால் 2022-ல் எஃப்.டி.ஏ.வின் சொந்தத் தரவை ஆள் ஆளாகப் பிரித்து, 232 ஆய்வுகளில் 73,388 பேரைப் பார்த்தபோதும் எண் அசையவில்லை: மருந்துக்கு 9.8, பிளசிபோவுக்கு 8.0. இதற்கு நடுவில் 2018-ல் லான்செட் இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானியின் குழு 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் சேர்த்து, 21 மருந்துகளை ஒப்பிட்டது. எஸ்சிடலோபிராம் உட்பட 21 மருந்துகளுமே பிளசிபோவைவிட மேல் என்று அதில் வந்தது. "மருந்து வேலை செய்கிறது" என்று ஒரு பத்திரிகையும் "மருந்து வெறும் நம்பிக்கை" என்று இன்னொன்றும் எழுதிய வரலாறு இதுதான். இரண்டு பக்கமும் பேசியது கிட்டத்தட்ட ஒரே அளவு வித்தியாசத்தைப் பற்றி. அந்த வித்தியாசம் உண்மையானது. சராசரியில் பார்த்தால் சிறியது.

விற்பனைக்கு வந்த விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. எரிக் டர்னர் 2008-ல் காட்டியது இது: எஃப்.டி.ஏ.வில் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளில் மருந்துக்குச் சாதகமாக வந்தவை 38. அவற்றில் 37 அச்சேறின. சாதகமில்லாத அல்லது இரண்டுங்கெட்டானாக வந்த 36-ல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவை போலத் திருத்தி எழுதப்பட்டு வெளிவந்தன. இதழ்களை மட்டும் படித்த ஒரு டாக்டருக்கு நூற்றுக்கு 94 ஆய்வு வெற்றி என்று தெரிந்திருக்கும். உண்மையில் அது 51. டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

இனி அந்த ஹாமில்டன் தராசைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் மூன்று கேள்விகள் தூக்கத்தைப் பற்றியவை: படுத்ததும் தூக்கம் வருகிறதா, நடு ராத்திரியில் முழிப்பு வருகிறதா, விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. ஆக, மனதில் பாரம் அப்படியே இருந்தாலும், தூக்கம் மட்டும் சீரானால் ஆறு மதிப்பெண் வரை இறங்கலாம். மருந்துக்கும் பிளசிபோவுக்கும் இடையில் உள்ள சராசரி வித்தியாசத்தைப் போல இது மூன்று மடங்கு. இன்னொரு புறம், குமட்டல், பாலுறவு ஆர்வம் குறைவது போன்ற பக்கவிளைவுகளும் இதே தராசில் நோயின் குறிகளாக ஏறிவிடும். அதனால் மருந்து தன் நன்மையைத் தானே கொஞ்சம் மறைத்தும் கொள்கிறது. தராசு இப்படி இருக்கும்போது, 1.8 என்ற எண்ணை வைத்து மாத்திரைக்குத் தீர்ப்பு எழுதுவது சரியில்லை என்பதே எங்கள் கருத்து.

சராசரி என்பதிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. அதே 2022 ஆய்வு ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குப் பிளசிபோவால் கிடைக்காத பெரிய பலன் மருந்தால் கிடைத்ததாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு இரண்டு மாத்திரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோய் கடுமையாக உள்ளவர்களிடம் வித்தியாசம் கூடுகிறது என்பதை 2010-ல் ஃபோர்னியே குழுவின் ஆய்வும் காட்டியது. ஹாமில்டன் மதிப்பெண் 25-க்கு மேல் இருந்தவர்களிடம்தான் மருந்தின் கை தெளிவாக ஓங்கியது. அந்த 15 பேரில் நீங்கள் ஒருவரா என்பதை முன்கூட்டியே சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

வெற்று மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

எட்டு மதிப்பெண் இறங்குவது சின்ன விஷயமில்லை. டால்க்கும் செல்லுலோஸும் அதைச் செய்யவில்லை. அப்படியானால் எது செய்தது?

ஒரு பங்கு, காலம். மனச்சோர்வு ஏறி இறங்கும் நோய். ஜனங்கள் டாக்டரிடம் போவது மிக மோசமான வாரத்தில்; அதற்குப் பிறகு எண் சற்று இறங்கத்தான் செய்யும். ஆய்வில் சேர்க்க இத்தனை மதிப்பெண் வேண்டும் என்று விதி இருக்கும்போது, ஆள் சேர்ப்பவர் தொடக்க எண்ணைத் தன்னையறியாமல் கொஞ்சம் கூட்டிப் போடுவதும் உண்டு. சேர்ந்த பிறகு அந்தக் கூடுதல் தானாகக் கரைந்துவிடும். இது பிளசிபோவின் கணக்கில் ஏறும். உண்மையில் யாருக்கும் எதுவும் நடந்திருக்காது.

மறு பங்கு, கவனிப்பு. ஆய்வில் இருப்பவரை வாரா வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ வரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் எதிரே உட்கார்ந்து தூக்கம், பசி, குற்றவுணர்வு, சாகத் தோன்றுகிறதா என்று வரிசையாக, அவசரமில்லாமல் கேட்பார். வராவிட்டால் போன் வரும். ஆறு வாரத்தில் கூடுதலாக ஒரு சந்திப்பு இருந்த ஆய்வுகளில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் கூடுதலாகத் தேறினார்கள் என்பதைப் பாஸ்டர்னாக்கும் சிம்மர்மனும் 2007-ல் காட்டியிருக்கிறார்கள். கூட்டம் நிரம்பிய ஒரு கிளினிக்கில் மூன்று நிமிடத்தில் சீட்டு வாங்கி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பப்பட்டவருக்கு இது எதுவும் கிடைப்பதில்லை. ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவான சிகிச்சை, காசு கொடுத்து உண்மை மாத்திரை வாங்கியவருக்குக் கிடைக்கிறது. இதுதான் எங்களை மிகவும் உறுத்தும் விஷயம்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதற்கும் எடை உண்டு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1980-களில் நடத்திய மனச்சோர்வு ஆய்வு ஒன்றில், இமிப்ரமின் என்ற பழைய மருந்தையும் பிளசிபோவையும் ஒன்பது மனநல மருத்துவர்கள் 112 பேருக்குக் கொடுத்தார்கள். அந்தத் தரவை மெக்கே, இமெல், வாம்போல்ட் ஆகியோர் 2006-ல் மறுபடி அலசினார்கள். நோயாளிகளுக்குள் இருந்த வேறுபாட்டில் மருந்தா பிளசிபோவா என்பது விளக்கியது சுமார் 3 சதவீதம். எந்த மருத்துவரிடம் போனார்கள் என்பது விளக்கியது சுமார் 9 சதவீதம். முன்னணியில் இருந்த மருத்துவர்கள் வெற்று மாத்திரையை வைத்துக்கொண்டு பெற்ற பலன், கடைசியில் இருந்தவர்கள் உண்மை மருந்தை வைத்துக்கொண்டு பெற்றதைவிட மேலாக இருந்தது. ஒன்பதே பேர் என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "கைராசி" என்று நம் ஊரில் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் அளக்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது பங்கு, எதிர்பார்ப்பு. இதைப் பிரித்துக் காட்டிய ஆய்வு எஸ்சிடலோபிராமை வைத்தே நடந்தது என்பதால் இங்கே நின்று பார்க்கலாம். ஸ்வீடனின் உப்சாலாவில் 2017-ல் வெளிவந்தது. நோய் மனச்சோர்வு அல்ல, அதற்கு நெருங்கிய உறவான சமூகப் பதற்றம். 46 பேர், அத்தனை பேருக்கும் 9 வாரம் தினமும் எஸ்சிடலோபிராம் 20 மி.கி. கொடுக்கப்பட்டது. பாதிப் பேரிடம், இது பயனுள்ள மருந்து என்று உண்மையைச் சொன்னார்கள். மீதிப் பேரிடம், இது பக்கவிளைவு மட்டும் தரும் போலி மருந்து, பலனை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். ரத்தத்தில் ஓடியது ஒரே மருந்து, ஒரே அளவு. உண்மை தெரிந்தவர்களில் 50 சதவீதம் பேர் தேறினார்கள். போலி என்று நம்பியவர்களில் 14 சதவீதம். ஒரே மாத்திரை, அதைக் கொடுக்கும்போது சொன்ன ஒரு வாக்கியத்தால் மூன்று மடங்குக்கு மேல் மாறியது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததிலும் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரிந்தது.

ஆக, பிளசிபோ என்றால் ஏமாற்று என்றும், பிளசிபோவால் தேறியவருக்கு நோயே இல்லை என்றும் நினைப்பது தவறு. அப்படிச் சொல்லி ஒரு நோயாளியை வீட்டில் கேலி செய்வது இன்னும் பெரிய தவறு.

எதிர்பார்ப்பின் மறு பக்கத்துக்கு நோசிபோ என்று பெயர்: கெடுதல் வரும் என்று நம்புவதாலேயே வரும் கெடுதல். அமெரிக்காவில் ஒரு மனச்சோர்வு மருந்து ஆய்வில் இருந்த 26 வயது இளைஞர், முன்னாள் காதலியோடு சண்டை போட்டுவிட்டு, ஆய்வில் கொடுத்த 29 கேப்ஸ்யூலை ஒரே மடக்கில் விழுங்கினார். மருத்துவமனைக்கு வரும்போது ரத்த அழுத்தம் 80/40 என்று விழுந்திருந்தது, உடல் நடுங்கியது, மூச்சு வாங்கியது. சலைன் ஏற்றினார்கள், அழுத்தம் நிலைக்கவில்லை. ஆய்வு மையத்தில் விசாரித்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது வெற்று கேப்ஸ்யூல் என்று தெரிந்தது. அதை அவரிடம் சொன்ன கால் மணி நேரத்தில் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் சீராகின. 2007-ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. மாத்திரையின் பக்கவிளைவுச் சீட்டைப் படித்துவிட்டு முதல் நாளே "எனக்குத் தலை சுற்றுகிறது" என்பவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சுற்றல் உண்மையானது. காரணம் மட்டும் வேறாக இருக்கலாம்.

முதல் ஆறு வாரம்: எங்கே கெட்டுப்போகிறது

பெரும்பாலும் டாக்டர் 5 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 10-க்கு ஏற்றுவார். தினம் ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. தூக்கம் கெட்டால் காலையில் போடலாம். தூக்கக் கலக்கமாக இருந்தால் இரவில். உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும் என்பதால், தினமும் போட்டால் ஒரு வாரத்தில் ரத்தத்தில் நிலையான அளவு வந்துவிடும். ஒரு வேளை மறந்தால் அன்றே ஞாபகம் வரும்போது போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

பக்கவிளைவு முதல் நாளிலிருந்தே வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு வாரம் வரை ஆகும். கெட்டது முன்னால் வருகிறது, நல்லது பின்னால் வருகிறது. இந்த இடைவெளியில்தான் ஏராளமானோர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். குமட்டலும் வயிறு இளகுவதும் ஏன் என்றால், இந்த மாத்திரை குறிவைப்பது செரோட்டோனின் என்ற ரசாயனத்தை; உடம்பின் செரோட்டோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. மாத்திரைக்கு இரண்டும் ஒன்றுதான். குடல் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் நோயாளி குமட்டலை "மருந்து உள்ளே போய்விட்டது" என்று எடுத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் "மருந்து ஒத்துக்கவில்லை" என்று எடுத்துக்கொள்வார். குமட்டல் ஒன்றே, அதற்குக் கொடுக்கும் பெயரைப் பொறுத்து அட்டை காலியாகும், அல்லது பாதியில் அலமாரிக்குப் போகும்.

எது பழகும், எது பழகாது என்பதையும் மறைக்கக் கூடாது. பாலுறவில் உச்சம் தாமதமாவது, ஆர்வம் குறைவது, அதிக வியர்வை ஆகியவை மாத்திரை இருக்கும்வரை இருக்கலாம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் தானாக நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

உண்மையிலேயே உடனே சொல்ல வேண்டியவை வேறு. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். வீட்டில் உள்ளவர்கள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். உட்கார முடியாத பரபரப்பு வந்தால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் தறிகெட்டு ஓடினால் அது தேறியதன் அடையாளமில்லை, மனம் சோர்வுக்கும் மிதமிஞ்சிய எழுச்சிக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். வயதானவர்களுக்கு, முக்கியமாக பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 மி.கி.க்கு மேல் பொதுவாகப் போவதில்லை. இதயத் துடிப்பின் லயம் கெடும் அபாயம் அளவோடு கூடுகிறது. டிரமடால் என்ற வலி மாத்திரை, லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் சிரப் ஆகியவற்றோடு சேரும்போது செரோட்டோனின் எல்லை மீறலாம். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். எந்த மருந்துக் கடையிலும் "இதைச் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

தேறுகிறதா என்பதை நினைவை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோர்ந்த மனம் நேற்றையும் கறுப்பாகவே ஞாபகம் வைத்திருக்கும். பி.எச்.க்யூ-9 என்ற ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. மாத்திரை தொடங்கும் நாளில் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஐந்து குறைந்தால் அசைவு உண்மையானது. பாதியாகக் குறைந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். 5-க்குக் கீழே வந்தால் நோய் தணிந்தது. நான்கு வாரம் முழுசாகச் சாப்பிட்டும் எண் அசையவே இல்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை; நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை தள்ளாமல் அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இந்தப் படிவத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் எதிரே உட்கார்ந்து, ஒன்பது கேள்வியையும் நிதானமாகக் கேட்டு எழுதினால், ஆய்வில் வெற்று மாத்திரைக்காரருக்குக் கிடைத்த கவனிப்பில் ஒரு பங்கு உங்களுக்கும் கிடைக்கிறது. கேட்பவர் மனைவியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

அளவு, விலை, கூட்டு மாத்திரை

10 மி.கி.யில் பலன் போதவில்லை என்றதும் 20-க்குத் தாவுவது வழக்கம். அதிகபட்ச அளவு அதுதான். ஆனால் இரட்டிப்பு அளவு இரட்டிப்புப் பலன் தராது. வழக்கமான குறைந்த அளவிலேயே இந்த வகை மருந்துகள் மூளையில் செரோட்டோனினைத் திரும்ப இழுக்கும் வாசல்களில் சுமார் 80 சதவீதத்தை அடைத்துவிடுகின்றன. மீதி இருப்பது கொஞ்சம். பக்கவிளைவு மட்டும் ஏறும். அளவை ஏற்றியதும் ஒரு வாரத்தில் பளிச்சென்று நன்றாக இருந்தால், அதில் எதிர்பார்ப்பின் பங்கு இருக்கலாம். அடுத்த நான்கு வாரத்து எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஸ்சிடலோபிராம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. ஜன் ஔஷதி கடையில் ஜெனரிக்காக வாங்கினால் பெரிய பிராண்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். மருந்து ஒன்றே. ஆனால் விலைக்கும் எதிர்பார்ப்புக்கும் முடிச்சு இருக்கிறது: 2008-ல் வலியைப் பற்றிய ஓர் ஆய்வில், மாத்திரை ஒன்று இரண்டரை டாலர் என்று சொல்லிக் கொடுத்த வெற்று மாத்திரைக்கு 85 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள், பத்து சென்ட்டுக்குத் தள்ளுபடி என்று சொன்ன அதே மாத்திரைக்கு 61 சதவீதம். ஆகவே பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு மாறும்போது, நிறமும் அட்டையும் மாறியதாலேயே மோசமாகத் தோன்றலாம். தொடக்கத்திலிருந்தே ஜெனரிக் வாங்கி, மாதா மாதம் ஒரே கம்பெனியின் அட்டையைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. மாறியே ஆக வேண்டும் என்றால், உள்ளே இருப்பது அதே 10 மி.கி. என்று நோயாளியிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது நம் கடைகளில் சாதாரணம். இதற்கு நாங்கள் மதிப்பெண் தரத் தயாராக இல்லை. குளோனசெபாம் அன்று இரவே தூங்க வைக்கும், பதற்றத்தை அடக்கும். நோயாளிக்கு "முதல் நாளே கேட்டது" என்று தோன்றும். ஆனால் அது எஸ்சிடலோபிராமின் வேலை அல்ல. சில வாரங்களில் உடம்பு குளோனசெபாமுக்குப் பழகிவிடுகிறது. இரண்டும் ஒரே மாத்திரையில் ஒட்டியிருப்பதால் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடர முடியாது. முதல் இரண்டு வாரத்துக்குத் தூக்கத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால், தனி மாத்திரையாக, நிறுத்தும் தேதியோடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

யாருக்கு வாங்கத் தகும்

பி.எச்.க்யூ-9 எண் 10-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையை முதல் வழியாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே மருந்துக்கும் பிளசிபோவுக்கும் உள்ள இடைவெளி மெலிது. பக்கவிளைவு மட்டும் முழுசு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி, எண் 16-க்குக் கீழே உள்ளவர்களுக்கு, நோயாளி தாமே விரும்பினால் ஒழிய, மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. மனநல ஆலோசனை, தினமும் செய்யும் வேலைகளைச் சிறு சிறு படியாகத் திரும்பத் தொடங்கும் நடத்தைப் பயிற்சி, உடற்பயிற்சி ஆகியவை அங்கே முன்னால் வருகின்றன. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இவற்றின் குறைபாடு மனச்சோர்வு போலவே நடிக்கும். 16-க்கு மேல் என்றால் மாத்திரையும் ஆலோசனையும் சேர்ந்து. 20-ஐத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்க்காமல் நாள் கடத்தக் கூடாது; மாத்திரை தன் விலைக்கு உண்மையிலேயே உழைப்பது இந்த இடத்தில்தான்.

தேறிய பிறகு நிறுத்துவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் அட்டையை மூடி வைத்துவிடுவார்கள். தணிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நீண்ட நாள் சாப்பிட்டு நன்றாக இருந்த 478 பேரை வைத்து பிரிட்டனில் 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், தெரியாமல் படிப்படியாக வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பியது. இங்கே மருந்தின் பங்கு முன்பு பார்த்த 1.8-ஐவிடக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதே சமயம், வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 44 சதவீதம் பேர் அந்த ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறுத்தும்போது தலைசுற்றல், எரிச்சல், கனவுத் தொல்லை, தலைக்குள் மின்சாரம் சுரீரென்று ஓடுவது போன்ற உணர்வு வரலாம். 2024-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். பிளசிபோவை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் சொன்னார்கள். பாதிக்கு மேல் எதிர்பார்ப்பாலும் சாதாரண உடல் உபாதையாலும் வருவது. மீதி மருந்து விலகுவதால் வருவது; அதைக் கற்பனை என்று தள்ளக் கூடாது. இது சில நாளிலேயே தொடங்கும்; மாத்திரையைத் திரும்பப் போட்டால் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள் கழித்து, மெதுவாக வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் போல" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

குறைக்கும் முறை: 10 மி.கி.யிலிருந்து 5, அதில் இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு 2.5, மறுபடி அதே இடைவெளி, பிறகு நிறுத்தம். 5-லிருந்து நேரே பூஜ்யத்துக்குப் போவதுதான் அதிகம் சறுக்கும் படி. 5 மி.கி.யிலேயே மூளையின் வாசல்களில் பெரும்பகுதி அடைபட்டிருப்பதால், அதை ஒரேயடியாக எடுப்பது 10-லிருந்து 5-க்கு வருவதைவிடப் பெரிய மாற்றம். கோடு போட்ட 5 மி.கி. மாத்திரை வாங்கி, மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை வெட்டியில் வைத்துப் பாதியாக்கினால் 2.5 ஓரளவு சரியாக வரும். பல்லால் கடித்தால் வராது. எந்த வாரம் எந்த அளவு என்று டாக்டரிடம் பேசி, பி.எச்.க்யூ எழுதும் அதே நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். எண் ஐந்து ஏறினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.